கதவில் எழுதிய இரண்டு எண்கள்

சிங்கப்பூரில் ஓடும் எந்தச் சரக்கு வண்டியின் பக்கவாட்டிலும் சின்ன எழுத்தில் இரண்டு எடைகள் எழுதியிருக்கும். ஒன்று யூஎல்டபிள்யூ, அதாவது வெறும் வண்டியின் எடை. இன்னொன்று எம்எல்டபிள்யூ, சரக்கும் ஆளும் ஏறிய பிறகு வண்டி எட்டக்கூடிய உச்ச எடை. எத்தனை பேர் ஏறலாம் என்ற கணக்கும் பக்கத்திலேயே இருக்கும். பின்னால் வேக வரம்பைக் காட்டும் வட்ட வில்லை ஒட்டியிருக்கும். வண்டி வாங்க வருகிறவர்கள் எஞ்சினைப் பற்றிக் கேட்பார்கள், டீசல் எவ்வளவு குடிக்கும் என்பார்கள், ஏசி நன்றாகக் குளிருமா என்பார்கள். அந்த இரண்டு எண்களைப் படித்துவிட்டுப் பேச வருகிறவர் அபூர்வம். லிட்டில் இந்தியா கடைகளுக்குச் சரக்கு ஏற்றி இறக்கியும், பிறகு கடைக்காரர்களுக்கு வண்டி பார்த்துக் கொடுத்தும் என் காலம் போயிருக்கிறது. இந்தத் தொழிலில் நான் கற்ற பாடங்களில் பெரும்பாலானவை அந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் இருக்கின்றன.

எண்பதுகளில் ஒரு மளிகை மொத்த வியாபாரியின் லாரியில் உதவியாளாகச் சேர்ந்தேன். தேக்கா சந்தை 1982-இல் இப்போதைய கட்டடத்துக்கு வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. விடிவதற்கு முன் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் காய்கறி, அதன் பிறகு கிடங்கிலிருந்து வெங்காயம், பருப்பு, மிளகாய் மூட்டை, மத்தியானம் கேம்பல் லேன், டன்லப் ஸ்ட்ரீட், கிளைவ் ஸ்ட்ரீட் கடைகளில் இறக்கம். எங்களுக்கு எடை மேடை கிடையாது. வண்டி ஓட்டிய அண்ணன், ஒவ்வொரு முறையும் ஏற்றம் முடிந்ததும் கீழே குனிந்து பின் ஸ்பிரிங் பட்டைகளைப் பார்ப்பார். வெறும் வண்டியில் அவை வளைந்து இருக்கும். சுமை ஏற ஏற வளைவு குறையும். வளைவு முழுக்க நிமிர்ந்து நேர்க்கோடானால், அடுத்த மூட்டை ஏறாது. முதலாளியே வந்து கேட்டாலும் ஏறாது.

“மூட்டையை முன்னால தள்ளி அடுக்கு தம்பி. பின்னால குவிச்சா ஸ்டீரிங் லேசாயிடும். லேசான ஸ்டீரிங் நம்ம பேச்சைக் கேக்காது” என்பார். பின் அச்சுக்கு அப்பால் எடை சேர்ந்தால் முன் சக்கரங்களின் மேல் அழுத்தம் குறையும். அப்போது திருப்பத்திலும் பிரேக்கிலும் முன் சக்கரம் சாலையைப் பிடிக்காது. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மழை பெய்த சாலையில், அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து தெரிந்துகொண்டேன்.

அன்றைக்கு லாரி வாங்குவது பெரிய யோசனைக்குரிய விஷயம் இல்லை. கையில் பணம் இருந்தால் ஒரு டொயோட்டா டைனாவோ இசூசுவோ வாங்குவார்கள். அது சாகும்வரை ஓட்டுவார்கள். எஞ்சின் போனால் மாற்று எஞ்சின் போடுவார்கள். ஜாலான் புசார் பக்கத்துக் கடைகளில் உதிரிப்பாகம் கிடைக்கும். எந்த வண்டி தேவை என்று யோசிப்பதைவிட, எந்த வண்டி கிடைக்கிறது என்று பார்ப்பதே வழக்கம்.

1990 மே மாதம் வாகன ஒதுக்கீட்டு முறை வந்ததும் அது மாறிவிட்டது. வண்டி வாங்க முதலில் சிஓஇ வேண்டும். ஏலத்தில் எடுக்கும் அந்தச் சான்றிதழ் பத்து ஆண்டுகளுக்குத்தான் செல்லும். சரக்கு வண்டிகளும் பேருந்துகளும் ‘சி’ பிரிவில் போட்டியிடும். பத்து ஆண்டு முடிந்தால், கடைசி மூன்று மாத ஏல விலைகளின் சராசரியைக் கட்டி, ஐந்து ஆண்டோ பத்து ஆண்டோ புதுப்பிக்கலாம். லாரிக்கு மொத்த ஆயுள் இருபது ஆண்டு என்று சட்டமே சொல்லிவிட்டது. அதற்கு மேல் எஞ்சின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் சாலைக்கு வர முடியாது. கார்க்காரர்கள் பத்து ஆண்டுக்குள் வண்டியை ஒப்படைத்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும். லாரிக்காரர்களுக்கு அது இல்லை. பதிவுக் கட்டணம் அவர்களுக்கு மிகக் குறைவு என்பதால் திரும்ப வருவதற்கும் அதில் ஒன்றுமில்லை.

அதிலிருந்து நாங்கள் இரும்பை வாங்குவதை நிறுத்தி, ஆண்டுகளை வாங்கத் தொடங்கினோம். என்னிடம் வரும் கடைக்காரர்களுக்கு முதலில் இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுவேன். மூன்று ஆண்டு மிச்சம் இருக்கும் பழைய லாரி 36,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 12,000 ஆகிறது. பத்து ஆண்டு இருக்கும் புது லாரி 1,20,000 வெள்ளி என்றால் அதுவும் ஆண்டுக்கு 12,000தான். பழையது மலிவு என்று தோன்றும். ஆனால் பழைய வண்டிக்குப் பணிமனைச் செலவு தனி, அது நின்றுபோகும் நாளில் வாடகை வண்டிச் செலவு தனி. பத்து ஆண்டைத் தாண்டிய சரக்கு வண்டியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். புது வண்டிக்கு ஆண்டுக்கு ஒருமுறை போதும். 2023-இல் ‘சி’ பிரிவு சிஓஇ 80,000 வெள்ளியைத் தாண்டியபோது, இந்தக் கணக்கைப் போடத் தெரியாமல் கடனில் மாட்டியவர்களைப் பார்த்தேன். கணக்குப் போட்டவர்கள் இருந்த வண்டியைப் புதுப்பித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

விலைக் கணக்கு முடிந்ததும் நான் கேட்கும் கேள்வி, “உங்க சரக்கு கனமா, பெருசா?” என்பது. பலருக்கு முதலில் இது புரியாது. அரிசிக்கடைக்காரரின் சரக்கு கனமானது, இடத்தை அதிகம் அடைக்காது. அப்பளமும் பொரியும் விற்பவரின் சரக்கு இடத்தை அடைக்கும், எடையே இருக்காது. இருவரும் ஒரே பத்தடி லாரியை வாங்கினால் ஒருவர் நிச்சயம் நஷ்டப்படுவார்.

ஒரு பத்தடி லாரியை எடுத்துக்கொள்வோம். வெறும் எடை 1,900 கிலோ, உச்ச எடை 3,500 கிலோ. நடுவில் 1,600 கிலோ. ஓட்டுநரும் இரண்டு உதவியாளும் ஏறினால் ஏறக்குறைய 200 கிலோ போய்விடும். மிச்சம் 1,400. இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை 56 ஏறும். தளத்தில் இடம் இருக்கிறதே என்று எண்பது மூட்டை அடுக்கினால், 600 கிலோ கூடுதல் சுமையோடு வண்டி சாலைக்குப் போகிறது. சிலர் ஸ்பிரிங்கில் இன்னும் இரண்டு பட்டை சேர்த்துப் போட்டால் போதும் என்று நினைப்பார்கள். பட்டை சேர்த்தால் வண்டியின் பின்பக்கம் தாழாது, பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பிரேக் அதே பிரேக். அச்சு அதே அச்சு. கதவில் எழுதிய எண்ணும் அதே எண். பிடிபட்டால் அபராதம், விபத்து நடந்தால் காப்புறுதி நிறுவனத்தோடு வழக்கு.

தண்ணீர் விஷயத்தில்தான் எல்லோரும் தவறாக மதிப்பிடுவார்கள். தைப்பூசத்துக்குச் சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங் ரோடு முருகன் கோயில் வரை பால்குடமும் காவடியும் போகும் வழியில் தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள். ஒரு முறை தொண்டூழியர்கள் சிலர் பத்தடி லாரி ஒன்றைக் கேட்டு வந்தார்கள். எட்டுப் பீப்பாய், ஒவ்வொன்றும் 200 லிட்டர். “தண்ணிதானே அண்ணே, என்ன பெரிய எடை?” என்றார் ஒருவர். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. எட்டுப் பீப்பாயில் 1,600 கிலோ. பீப்பாயின் எடையும் ஆட்களும் சேர்ந்தால் வரம்பைத் தாண்டிவிடும். அது மட்டுமில்லை. அரைகுறையாக நிரப்பிய பீப்பாயில் தண்ணீர் அலைமோதும், பிரேக் போடும்போது முன்னால் தள்ளும். நாலு பீப்பாயை முழுக்க நிரப்பி, மூடி, கயிற்றால் கட்டி, இரண்டு நடையாகக் கொண்டுபோகச் சொன்னேன். அப்படியே செய்தார்கள்.

பொங்கலுக்குக் கரும்பு வேறு மாதிரி. எடை பெரிதில்லை, நீளம்தான் பிரச்சினை. வேனில் போட்டால் கதவை மூட முடியாது, குறுக்கே வைத்தால் ஒடியும். திறந்த தளமுள்ள பத்தடி லாரியில்தான் கரும்பும் வாழை மரமும் நீட்டிப் படுத்து ஒடியாமல் வரும். ஆனால் அதே லாரியில் மல்லிகையும் ரோஜாவும் கொண்டுவந்தால் காற்றும் வெயிலும் பட்டு, பஃப்ளோ ரோட்டுக்கு வருவதற்குள் வதங்கிவிடும். பூக்கடைக்காரருக்குக் குளிர்சாதனப் பெட்டி வைத்த சின்ன வேன்தான் சரி. அந்தக் குளிர்சாதனமும் பெட்டியும் தாமே சில நூறு கிலோ இருக்கும், சரக்குக் கணக்கிலிருந்து அதையும் கழிக்க வேண்டும். பூவுக்கு எடை இல்லாததால் அங்கே அது உறைக்காது. மீனுக்கும் இறைச்சிக்கும் அது பெரிய கழிவு.

வண்டி நிற்கும் இடத்தையும் போகும் தெருவையும் பார்க்காமல் வாங்கியவர்கள் பலர். லிட்டில் இந்தியாவின் கடைவீடுகள் லாரிக்காகக் கட்டப்பட்டவை இல்லை. முன்னால் அஞ்சடி நடைபாதை, பின்னால் குறுகிய சந்து. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிராங்கூன் சாலையிலும் ரேஸ்கோர்ஸ் சாலையிலும் ஊழியர்கள் கூட்டம் சாலையோரம் வரை நிற்கும். பதினாலடி லாரி ஒரே நடையில் நிறைய கொண்டுவரும் என்பது உண்மை. ஆனால் அதைச் சந்தில் திருப்ப முடியாது. இறக்குவதற்கு ஒதுக்கிய இடம் காலியாகும்வரை சுற்றிச் சுற்றி வர வேண்டும். 1998-இல் மின்னியல் சாலைக் கட்டணம் வந்த பிறகு, நேரம் தவறிச் சுற்றினால் அதற்கும் காசு. இரவில் வண்டியை எங்கே விடுவது என்பதும் முன்கூட்டியே முடிவாக வேண்டும். சின்ன லாரியை வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்கின் கீழே மாதக் கட்டணத்துக்கு நிறுத்தலாம். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து ஓடுகிறவருக்கு அது பெரிய சௌகரியம். 5,000 கிலோவுக்கு மேற்பட்ட வண்டிக்குக் கனரக வாகனத்துக்கென்று அனுமதித்த இடத்தில் நிறுத்துமிடச் சான்றிதழ் வாங்க வேண்டும். அந்த இடம் வீட்டிலிருந்து தூரமாக இருந்தால், ஓட்டுநர் லாரிக்குப் போய்ச் சேரவே இன்னொரு வண்டி தேவைப்படும். உயரத்தையும் பார்க்க வேண்டும். மாடிக் கார் நிறுத்துமிடத்தின் வாசலில் தொங்கும் உயரக் கம்பியில் கூரை இடித்த வேன்கள் எத்தனையோ.

அடுத்தது உரிமம். நம் ஆட்களில் பெரும்பாலோரிடம் இருப்பது 3-ஆம் வகுப்பு உரிமம். அதை வைத்து வெறும் எடை 2,500 கிலோ வரையுள்ள லாரியை ஓட்டலாம். அதற்கு மேல் போனால் 4-ஆம் வகுப்பு வேண்டும். பதினாலடி லாரிகள் பல இந்த வரம்புக்குச் சற்றுக் கீழே இருக்குமாறுதான் விற்பனைக்கு வரும். கேட்டரிங் தொழில் செய்யும் ஒரு தம்பி, சாம்பார் அண்டாக்களைத் தூக்கி இறக்க முதுகு போகிறது என்று சொல்லி, அப்படி ஒரு லாரியில் பின்னால் தூக்கித் தட்டு வைக்க முடிவு செய்தார். எனக்குக் காகிதத்தைக் காட்டினார். தட்டின் எடையைச் சேர்த்தால் வெறும் எடை 2,500-ஐத் தாண்டியது. அவரிடம் இருந்த மூன்று ஓட்டுநர்களில் ஒருவரிடம்கூட 4-ஆம் வகுப்பு இல்லை. அவர் லாரியைச் சின்னதாக்கி, தட்டை வைத்துக்கொண்டார். அண்டாவைச் சரிவுப் பலகையில் உருட்டி இறக்குவதைவிட அது நல்லது. கொதிக்கும் சாம்பார் கவிழ்ந்தால் போவது சாப்பாடு மட்டுமில்லை.

3,500 கிலோ என்ற கோடும் முக்கியம். அதற்குள் இருந்தால் இலகு சரக்கு வாகனம், எண் தகடு ‘ஜி’யில் தொடங்கும், விரைவுச்சாலையில் மணிக்கு 70 கிலோமீட்டர் போகலாம். அதைத் தாண்டினால் ‘ஒய்’ எண் தகடு, வேகம் 60. 2024 ஜனவரி முதல் 3,501 கிலோவிலிருந்து 12,000 கிலோ வரையுள்ள லாரிகளுக்கும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைப் படிப்படியாகக் கட்டாயமாக்கினார்கள். முணுமுணுத்தவர்கள் உண்டு. நான் அதை வரவேற்றேன். தீவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஐம்பது கிலோமீட்டர்தான். பத்து கிலோமீட்டர் வேகம் கூடினால் மிச்சமாவது சில நிமிடம்.

பழைய லாரி பார்க்கப் போகும்போது நான் பெயின்ட்டைப் பார்ப்பதே இல்லை. ஒரு டார்ச்சும் ஸ்குரூ டிரைவரும் எடுத்துக்கொண்டு நேராகக் கீழே படுத்துவிடுவேன். பின் ஸ்பிரிங் சட்டத்தோடு சேரும் இடத்தில் துரு முதலில் பிடிக்கும். ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிப் பார்த்தால் நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். துருவேறிய இரும்பு மந்தமாக ஒலிக்கும், செதிள் செதிளாக உதிரும். மீன் ஏற்றிய லாரி என்றால் இன்னும் கவனம் தேவை. ஐஸ் உருகி, உப்புத் தண்ணீர் பலகை இடுக்கு வழியே சட்டத்தின் மேல் ஆண்டுக்கணக்கில் சொட்டியிருக்கும். மேலே புதுப் பெயின்ட், உள்ளே அரித்த சட்டம். பின் டயரின் தேய்மானம் சமமாக இல்லையென்றால், அச்சு வளைந்திருக்கலாம், அல்லது அந்த வண்டி ஆயுள் முழுக்க அதிகச் சுமை சுமந்திருக்கலாம். தளத்துப் பலகை நடுவில் தாழ்ந்திருந்தால் முன்னாள் முதலாளியின் பழக்கம் தெரிந்துவிடும். மீட்டர் காட்டும் கிலோமீட்டரைவிட இவை நம்பத் தகுந்த சாட்சிகள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு இரட்டைக் கேபின் பிக்கப் மோகம் வந்தது. டொயோட்டா ஹைலக்ஸ், நிசான் நவாரா, மிட்சுபிஷி டிரைட்டன், இசூசு டி-மேக்ஸ். பார்க்கக் கம்பீரம், ஓட்டக் கார் மாதிரி, பதிவில் சரக்கு வண்டி. மளிகைக் கடைக்காரர் ஒருவர் அதைக் கேட்டபோது வேண்டாம் என்றேன். பின்தளம் ஐந்தடி. சுமை சுமார் ஒரு டன், அதிலும் ஐந்து பேர் உட்கார்ந்தால் 350 கிலோ போய்விடும். மூட்டை அடுக்குவதற்கு அது வண்டியே இல்லை. ஆனால் மின்சார வேலை எடுத்துச் செய்யும் ஒரு தம்பிக்கு அதையே வாங்கச் சொன்னேன். அவரிடம் நான்கு ஊழியர்கள், கம்பிச் சுருள், ஏணி, கருவிப் பெட்டி. ஆட்கள் எல்லோரும் கேபினுக்குள் இருக்கையில் பெல்ட் போட்டு உட்காரலாம், கருவி பின்னால் வரும். அவருக்கு அது பொருத்தமான வண்டி.

பிக்கப்பின் உண்மையான பலம் இழுப்பதில் இருக்கிறது. சிங்கப்பூரில் அதற்கு வேலை குறைவு. படகையோ ஜெனரேட்டரையோ இழுக்கும் சின்ன டிரெய்லரோடு சரி. ஆஸ்திரேலியாவில்தான் அதன் முழு வேலையைப் பார்க்கலாம். பெர்த்தில் இருக்கும் என் தம்பி மகன், குடும்பத்தோடு ஊர் சுற்ற ஒரு கேரவன் வாங்கப் போவதாகச் சொல்லி, “பெரியப்பா, 3,500 கிலோ இழுக்கும்னு விளம்பரத்துல போட்டிருக்கு, கேரவனும் 3,500தான், சரியா வருமா?” என்று தொலைபேசியில் கேட்டான். நான் அவனையும் எண்களைத்தான் படிக்கச் சொன்னேன்.

அங்கே இன்னொரு எண் உண்டு. வண்டியும் கேரவனும் சேர்ந்து எட்டக்கூடிய மொத்த எடை, ஜிசிஎம் என்பார்கள். அவன் பார்த்த பிக்கப்பில் அது 6,000 கிலோ. கேரவன் 3,500 எடுத்துக்கொண்டால் வண்டிக்கு மிச்சம் 2,500. வெறும் வண்டியே ஏறக்குறைய 2,100. அப்புறம் இருப்பது 400 கிலோ. அதற்குள் அவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், பெட்டி, முன்னால் போடும் கம்பித் தடுப்பு, பின்தளத்து மூடி எல்லாம் அடங்க வேண்டும். கேரவனின் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு இணைப்புக் கொக்கியின் மேல் கீழ்நோக்கி அழுத்தும். 350 கிலோ அழுத்தினால் அது பிக்கப்பின் சொந்தச் சுமைக் கணக்கிலும் பின் அச்சிலும் விழும். அதைக் குறைக்க நினைத்து கேரவனின் பின்பக்கம் சாமான் அடைத்தால், வேகத்தில் கேரவன் பாம்பு போல ஆடத் தொடங்கும். வெங்காய மூட்டைக்கு அண்ணன் சொன்ன பாடமே அங்கேயும் செல்லும். எடையை அச்சுக்கு முன்னால் வைக்க வேண்டும். கடைசியில் அவன் 2,500 கிலோவுக்குள் உள்ள கேரவனை எடுத்தான், அதே பிக்கப் அதைச் சிரமமில்லாமல் இழுக்கிறது. இழுக்கும் திறன் என்று விளம்பரத்தில் பெரிதாகப் போடும் எண் உச்ச வரம்பு. குடும்பமும் சாமானும் ஏறிய பிறகு அதில் எவ்வளவு மிஞ்சும் என்பதை நாம்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

சரக்கைப் பற்றி இவ்வளவு கணக்குப் பார்க்கிற நாம், மனிதரை ஏற்றும்போது பார்த்தோமா என்று கேட்டால், நெடுங்காலம் பார்க்கவில்லை. கட்டுமான ஊழியர்களைத் திறந்த லாரியின் தளத்தில் உட்கார வைத்துக் கொண்டுபோவது இங்கே பழக்கமாகிவிட்டது. தேக்காவில் இறங்கும் தம்பிகளின் முகத்தில் வெயிலும் மழையும் தெரியும். பிறகு விதிகள் படிப்படியாக வந்தன. கூரை, உயர்ந்த பக்கக் கம்பி, ஒருவருக்குக் குறைந்தது எட்டுச் சதுர அடி இடம். பத்தடி நீளம், ஐந்தரை அடி அகலமுள்ள தளத்தில் அந்தக் கணக்குப்படி ஆறு பேர்தான் உட்காரலாம். 2021 ஏப்ரலில் தீவு விரைவுச்சாலையில் ஊழியர்கள் இருந்த லாரி ஒன்று நின்றிருந்த டிப்பர் லாரியில் மோதியது. இரண்டு ஊழியர்கள் இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள். 2023 தொடக்கத்திலிருந்து மழைத்திரையும், ஓட்டுநர் விழிப்பாக இருக்கிறாரா என்று பார்க்கப் பக்கத்தில் ஓர் ஆளும் வேண்டும் என்றார்கள். லாரியில் ஆள் ஏற்றுவதை முழுக்க நிறுத்த வேண்டும் என்ற கோரிக்கை நாடாளுமன்றம் வரை போனது. எனக்கு அதில் இரண்டு கருத்து இல்லை. பிரேக் போடும்போது மூட்டை சரிந்தால் அடுக்கிவிடலாம். பெல்ட் இல்லாமல் பலகையில் உட்கார்ந்திருப்பவரை எதைக் கொண்டு தாங்குவது? ஆள் ஏற்றத்தான் வண்டி என்று யாராவது வந்தால், இருக்கையும் பெல்ட்டும் உள்ள வேனையோ சிற்றுந்தையோ மட்டும்தான் காட்டுவேன்.

எஞ்சின் பக்கமும் காலம் மாறிவிட்டது. முன்பு கறுப்புப் புகை விடாத லாரி அபூர்வம். 2014-இல் யூரோ 5, 2018-இல் யூரோ 6 என்று டீசல் வண்டிகளுக்கான விதி இறுகியது. புகையிலுள்ள கரியைப் பிடிக்க வடிகட்டி வந்தது. அந்த வடிகட்டி சுத்தமாக, வண்டி அவ்வப்போது நல்ல சூட்டில் தொடர்ந்து ஓட வேண்டும். தேக்காவிலிருந்து ஜாலான் புசாருக்கும் கிச்சனர் சாலைக்கும் சின்னச் சின்ன நடையாக மட்டும் ஓடும் லாரியில் அது அடைத்துக்கொள்ளும். விளக்கு எரியும், பணிமனைச் செலவு வரும். அப்படிப்பட்டவர்களுக்கு வாரத்தில் ஒருநாள் விரைவுச்சாலையில் சற்று நீளமாக ஓட்டச் சொல்வேன். 2017-இல் டீசலுக்கு லிட்டருக்குப் பத்துக் காசு வரி வந்தது, 2019-இல் அது இருபது காசானது.

2021 ஏப்ரலிலிருந்து தூய்மையான இலகு சரக்கு வண்டிக்கு ஊக்கத்தொகையும், புகை அதிகமுள்ளதற்குக் கூடுதல் கட்டணமும் வந்ததும், மின்சார வேன்கள் கடைத்தெருவுக்குள் நுழைந்தன. நம் தெருக்களுக்கு அவை பொருந்துகின்றன. நாள் முழுக்க ஓடினாலும் தூரம் குறைவு, நின்று நின்று போகும்போது எரிபொருள் வீணாகாது, பின் சந்தில் புகை இல்லை. ஆனால் மின்கலம் கனமானது. வெறும் எடை கூடினால் சுமக்கும் எடை குறையும். பூ, பொரி, துணி, மருந்து ஏற்றுகிறவர்களுக்கு மின்சார வேனைத் தயங்காமல் சொல்கிறேன். அரிசியும் எண்ணெயும் ஏற்றுகிறவர்கள் இரண்டு எண்களையும் கழித்துப் பார்த்த பிறகு முடிவெடுக்கட்டும். 2040-க்குள் டீசல், பெட்ரோல் வண்டிகளை ஒழிக்க வேண்டும் என்பது அரசாங்கத்தின் இலக்கு. இன்றைக்குப் பத்து ஆண்டு சிஓஇ எடுக்கிறவர்கள் அதையும் மனத்தில் வைக்க வேண்டும்.

வண்டி வாங்கப் போகிற என் மக்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். விற்பனைக்காரரிடம் போவதற்கு முன் ஒரு வாரம் உங்கள் கடையில் உட்கார்ந்து எழுதுங்கள். தினமும் என்ன சரக்கு, எத்தனை கிலோ, எவ்வளவு நீளம், எத்தனை ஆள், எந்தத் தெரு, எத்தனை மணி, யார் ஓட்டுவது, அவரிடம் எந்த வகுப்பு உரிமம், இரவில் எங்கே நிறுத்துவது. ஆண்டுக்கு ஒருமுறை தீபாவளிக்கு வரும் பெரிய சுமைக்காகப் பெரிய லாரி வாங்காதீர்கள். அந்த வாரத்துக்கு வாடகை வண்டி எடுத்துக்கொள்ளலாம். மிச்ச நாட்களுக்குப் போதுமான வண்டியை வாங்குங்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு போய், வண்டியின் கதவில் எழுதியிருக்கும் இரண்டு எண்களைக் கழித்துப் பாருங்கள். உங்கள் சுமை அதற்குள் அடங்கி, இன்னும் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தால் வாங்குங்கள். அடங்காவிட்டால், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் அந்த வண்டி உங்களுக்கு வேண்டாம்.